வீட்டு வாடகைக்கு வருமான வரி: ஓனருங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜூன் பொறந்தா போதும், எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல ஃபார்ம் 16ஐ (கம்பெனி தர்ற சம்பள வரி சர்டிஃபிகேட்) டேபிள்ல வெச்சுட்டு எல்லாம் பேசி முடிச்சு எழுந்திரிக்கும்போது "அப்புறம் சார், மாடி போர்ஷன் வாடகை ஒண்ணு வருது, அதையும் காட்டணுமா"ன்னு கேக்காதவங்க ரொம்ப கம்மி. அதே டவுட்டுங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுட்டேன். கேள்விங்கள முடிஞ்சவரைக்கும் அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருது, அதுல செக்‌ஷன் நம்பருங்க எல்லாம் மாறிடுது, அதனால இங்க நம்பர் எதையும் இழுக்கல.

மாசம் பத்தாயிரம்தான் வாடகை வருது, இதுக்கெல்லாமா டாக்ஸ்?

வாடகைக்குன்னு தனியா ஒரு ரேட் கிடையாது. உங்க சம்பளம், பென்ஷன், எஃப்டி வட்டி எல்லாத்தோடயும் சேந்து மொத்தமா எவ்ளோ வருதுன்னுதான் பாப்பாங்க. வரி கணக்கு போட பழைய ரெஜிம், புது ரெஜிம்னு ரெண்டு முறை இருக்கு. புது ரெஜிம்ல 4 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, ரெசிடென்ட்டா (வரிச் சட்டப்படி இந்தியாவுல வசிக்கறவரா) இருந்து மொத்த வருமானம் 12 லட்சத்த தாண்டலன்னா ரிபேட்ல (வரித் தள்ளுபடியில) வரி ஜீரோ ஆயிடும். பழைய ரெஜிம்ல வரியில்லாத வரம்பு 2.5 லட்சம், 60 வயசு ஆனவங்களுக்கு 3 லட்சம், 80 ஆனவங்களுக்கு 5 லட்சம்.

ஆனா வரி வராதுங்கறதுக்காக ரிட்டர்ன்ல காட்டாம விடக்கூடாது. காட்டி, கணக்கு போட்டு, ஜீரோ வந்தா சந்தோஷம். காட்டாம விட்டு நோட்டீஸ் வந்தா ஏன் விட்டீங்கன்னு பதில் எழுதுறதே தனி வேலை.

வர்ற வாடகை முழுசுக்கும் வரி போடுவாங்களா?

இல்லைங்க. இந்த ஒரு விஷயம் தெரியாமதான் பாதி பேர் பயந்துகிட்டு மறைக்கறாங்க. மாசம் 25,000 வாடகை வர்ற வீடுன்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 3,00,000. அதுல நீங்க கட்டுன சொத்து வரி 8,000 போகட்டும், மிச்சம் 2,92,000. இதுல 30 சதவீதம், அதாவது 87,600, யாரும் எதுவும் கேக்காம கழிஞ்சிடும். நிக்கறது 2,04,400. வீட்டுக்கு லோன் இருந்து அந்த வருஷ வட்டி 1,50,000ன்னா அதையும் கழிச்சா 54,400தான் உங்க வருமானத்துல போய் சேரும்.

3 லட்சம் வாங்கிட்டு 54,400க்கு கணக்கு காட்டுறோம், அதுவும் முழுக்க சட்டப்படி. கவனிக்க வேண்டியது, லோன்ல கழியறது வட்டி மட்டும்தான். அசல் இங்க வராது, அது பழைய ரெஜிம்ல பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்புக்குத் தர்ற கழிவுல சேரும்.

பெயின்ட் அடிச்சேன், மோட்டார் மாத்தினேன், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை குடுத்தேன். பில் எல்லாம் வெச்சிருக்கேன், கழிக்கலாமா?

முடியாது. மேல சொன்ன 30 சதவீதம் இதுக்கெல்லாம் சேத்துதான். நீங்க ஒத்த ரூபா செலவு பண்ணலன்னாலும் 30 உண்டு, 50 சதவீதம் செலவு பண்ணினாலும் 30தான். இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன், வாட்ச்மேன், பிளம்பர் எல்லாமே அதுக்குள்ள அடக்கம். பழைய வீடு வெச்சிருக்கறவங்களுக்கு இது நஷ்டம்தான், புது ஃபிளாட்காரங்களுக்கு லாபம்.

ரெண்டு வருஷ சொத்து வரி பாக்கிய இப்பதான் ஒண்ணா கட்டுனேன், எந்த வருஷத்துல போடறது?

கட்டுன வருஷத்துல, மொத்தமா. எந்த அரையாண்டுக்கு உள்ள வரிங்கறது முக்கியமில்ல, ரசீது தேதிதான் முக்கியம். அதே மாதிரி டிமாண்ட் வந்து நீங்க இன்னும் கட்டலன்னா கழிக்க முடியாது. கட்டுனது ஓனரா இருக்கணும். வாடகைக்கு இருக்கறவர் அவர் கைக்காசுல கட்டியிருந்தா உங்களுக்கு அந்தக் கழிவு கிடையாது.

நிறைய பேர் மார்ச் கடைசியில கட்டலாம்னு நெனச்சு ஏப்ரலுக்கு தள்ளிட்டு, அப்புறம் இந்த வருஷக் கணக்குல சேக்கலாமான்னு கேக்கறாங்க. அது அடுத்த வருஷக் கணக்கு.

பத்து மாச அட்வான்ஸ் வாங்குனேன், அது வருமானமா?

காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்கற பணம் வருமானம் ஆகாது. ஆனா கடைசி மூணு மாசம் வாடகை தராம "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்"னு சொன்னாங்கன்னா அந்த மூணு மாசமும் வாடகை வந்ததாதான் அர்த்தம், கணக்குல சேக்கணும்.

இதுல எல்லாரும் கோட்டை விடுறது ரொக்கத்துலதான். 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் லோனாவோ டெபாசிட்டாவோ கேஷா வாங்கக் கூடாது, கேஷா திருப்பியும் குடுக்கக் கூடாது. மீறினா பெனால்டி எவ்ளோ தெரியுமா, வாங்குன தொகை எவ்ளோவோ அவ்ளோவும். ரெண்டரை லட்சம் அட்வான்ஸ மஞ்சப் பையில வாங்கினா பெனால்டியும் ரெண்டரை லட்சம் வரைக்கும் போகலாம். பேங்க் டிரான்ஸ்ஃபரா வாங்குங்க, குடுக்கும்போதும் அப்படியே.

மாச வாடகையே கிடையாது, எட்டு லட்சத்துக்கு லீஸுக்கு விட்டிருக்கேன். அப்ப வருமானம் ஜீரோதானே?

இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், பதில் யாருக்கும் புடிக்காது. சட்டம் நீங்க வாங்குன வாடகைய மட்டும் பாக்கறதில்ல, அந்த வீடு எவ்ளோ வாடகைக்கு போகும்னும் பாக்குது. மாநகராட்சி போட்டிருக்கற ஆண்டு மதிப்பு ஒண்ணு, அதே ஏரியாவுல அதே மாதிரி வீட்டுக்கு வர்ற வாடகை ஒண்ணு, ரெண்டுல எது ஜாஸ்தியோ அது. பக்கத்து ஃபிளாட் 15,000க்கு போகுதுன்னா உங்க வீட்டுக்கும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் வரும், அதுல இருந்து சொத்து வரி, 30 சதவீதம் எல்லாம் வழக்கம்போல.

எட்டு லட்சத்துக்கு பேங்க் வட்டி எவ்ளோ வந்திருக்கும்னு கற்பனையா போட்டு அதையும் வாடகையோட சேக்கணும்னு டிபார்ட்மென்ட் ஒரு காலத்துல சொல்லிப் பாத்தாங்க, டெல்லி ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் 2011லயே அது சரியில்லன்னு சொல்லிடுச்சு. ஆனா அந்தப் பணத்த நீங்க நெஜமாவே எஃப்டியில போட்டு வட்டி வாங்கினா அந்த வட்டிக்கு தனியா வரி உண்டு. எட்டு லட்சத்த கேஷா வாங்கியிருந்தா மேல அட்வான்ஸ் கேள்விய இன்னொரு தடவ படிங்க.

வாடகைக்கு இருக்கற தம்பி என் பான் நம்பர் கேக்கறார், குடுத்தா மாட்டிக்குவேனா?

அவர் கம்பெனியில எச்ஆர்ஏ (சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படி) வரிக் கழிவு கிளெய்ம் பண்ண கேக்கறார். வருஷ வாடகை 1 லட்சத்த தாண்டினா அவர் கம்பெனிக்கு ஓனரோட பான் குடுத்தே ஆகணும், அதாவது மாசம் 8,333க்கு மேல போனாலே. அந்த பான் அவர் கம்பெனி போடற டிடிஎஸ் (பணம் குடுக்கும்போதே புடிச்சு கட்டற வரி) ரிட்டர்ன்ல போய் உக்காந்துடும், அதனால டிபார்ட்மென்ட்டுக்கு உங்க வாடகை தெரியும்.

இதுக்கு பயந்து பான் தர மாட்டேன்னு அடம் புடிக்கற ஓனருங்க எத்தன பேர். அந்தப் பையன் வரி ஜாஸ்தியா கட்டிட்டு அடுத்த வருஷம் வேற வீடு பாத்துட்டுப் போயிடுவான். ரெண்டாவது கேள்வியில போட்ட கணக்க ஒரு தடவ உங்க நம்பர வெச்சு போட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் மறைக்கணும்னு தோணாது.

கீழ நாங்க இருக்கோம், மாடிய வாடகைக்கு விட்டிருக்கோம். லோன் ஒண்ணுதான். எப்படி பிரிக்கறது?

ரெண்டு தனி வீடு மாதிரி எடுத்துக்கணும். ரெண்டு தளமும் ஒரே அளவுன்னா வட்டியும் சொத்து வரியும் பாதி பாதி. வருஷ வட்டி 3 லட்சம்னா மாடிக்கு 1.5 லட்சம், அது வாடகையில இருந்து கழியும். கீழ் வீட்டுக்கு உள்ள 1.5 லட்சம், பழைய ரெஜிம்ல இருந்தா கழிக்கலாம் (சொந்தக் குடியிருப்புக்கு உச்சவரம்பு 2 லட்சம்), புது ரெஜிம்ல இருந்தா அது போச்சு. சொத்து வரியிலயும் மாடிப் பங்கு மட்டும்தான் கழியும். அளவு வேறன்னா சதுர அடி விகிதத்துல பிரிங்க.

லோன் வட்டி வாடகைய விட ஜாஸ்தி. நஷ்டத்த சம்பளத்துல கழிக்கலாமா? எந்த ரெஜிம் நல்லது?

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டியில உச்சவரம்பே இல்ல, முழுசா கழிக்கலாம், ரெண்டு ரெஜிம்லயும். பிரச்சினை அதுக்கப்புறம்தான். அதே 25,000 வாடகை வீட்டுக்கு வட்டி 4,50,000ன்னு வெச்சுப்போம். 2,04,400ல இருந்து கழிச்சா 2,45,600 நஷ்டம். பழைய ரெஜிம்ல இதுல 2,00,000 வரைக்கும் சம்பளத்துல கழிச்சுக்கலாம், மிச்சம் 45,600 அடுத்த எட்டு வருஷத்துக்குள்ள வீட்டு வருமானம் வந்தா அதுல மட்டும் கழிக்கலாம். புது ரெஜிம்ல சம்பளம் பக்கமே போக முடியாது. இன்னொரு வீட்டுல வாடகை லாபம் இருந்தா அதோட மட்டும் நேர் பண்ணிக்கலாம்.

எந்த ரெஜிம் நல்லதுன்னு பொதுவா சொல்ல முடியாது, ரெண்டுலயும் போட்டுப் பாத்துதான் சொல்லணும். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. பிசினஸ் வருமானம் இல்லாதவங்க பழைய ரெஜிம் வேணும்னா கடைசி தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாகணும். லேட்டா போட்டா தானா புது ரெஜிம்தான், அந்த 2 லட்சம் அப்படியே கை நழுவிடும். வீட்டு லோன் பெருசா வெச்சிருக்கறவங்க டிசம்பர்ல வந்து நிக்கும்போது பாவமாத்தான் இருக்கும்.

பேங்க்ல வாங்கல, மாமனார்கிட்ட கடன் வாங்கி கட்டுனேன். அந்த வட்டி செல்லுமா?

செல்லும். சட்டம் கடன் வாங்கின பணம்னுதான் சொல்லுது, பேங்க்குன்னு சொல்லல. ஆனா நெஜமாவே வட்டி பேசியிருக்கணும், பேப்பர் இருக்கணும், மாமனார் பான் நம்பரோட வட்டி சர்டிஃபிகேட் குடுக்கணும், அவர் அத தன் ரிட்டர்ன்ல வருமானமா காட்டணும். கடைசியில சொன்ன இந்த ஒண்ணுக்கு பெரும்பாலான மாமனாருங்க ஒத்துக்கறதில்ல, அங்கயே இந்தக் கேள்வி முடிஞ்சிடும்.

வீடு நாலு மாசம் காலியா கெடந்துச்சு, அதுக்கும் வாடகை காட்டணுமா?

வாடகைக்கு விட்ட வீடு நடுவுல காலியா இருந்து, அதனாலதான் வாடகை கொறஞ்சுதுன்னா வந்த வாடகைய மட்டும் காட்டுனா போதும். 25,000 வீடு எட்டு மாசம் ஓடுச்சுன்னா 2,00,000. காலியா இருந்ததுக்கு ஆதாரமா பழைய ஆள் காலி பண்ண தேதி, புது அக்ரிமென்ட் தேதி, ஏறாத ஈபி ரீடிங் இதெல்லாம் வெச்சுக்கோங்க.

வாடகைக்கே விடாம பூட்டி வெச்சிருக்கற வீடுங்களப் பொறுத்தவரை, ஒருத்தருக்கு ரெண்டு வீடு வரைக்கும் சொந்தக் குடியிருப்பு மாதிரி ஜீரோன்னு போட்டுக்கலாம். 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் ஏன் அங்க குடியிருக்கலன்னு காரணமும் சொல்ல வேண்டியதில்ல. மூணாவது வீடு பூட்டியே கெடந்தாலும் வாடகைக்கு விட்ட மாதிரிதான் கணக்கு, மேல லீஸ் கேள்வியில சொன்ன அதே மதிப்ப எடுத்துக்கணும்.

ஆறு மாசம் வாடகை தராம ஏமாத்திட்டு ஓடிட்டான். வராத பணத்துக்கும் வரியா?

நாலு விஷயம் சரியா இருந்தா வராத வாடகைய விட்டுடலாம். வாடகை ஒப்பந்தம் நெஜமானதா இருக்கணும், அந்த ஆள் காலி பண்ணியிருக்கணும் இல்லன்னா காலி பண்ண வைக்க நீங்க நடவடிக்கை எடுத்திருக்கணும், உங்களோட வேற எந்த வீட்டுலயும் அவர் இருக்கக் கூடாது, பாக்கிய வசூல் பண்ண சட்டப்படி முயற்சி பண்ணியிருக்கணும் அல்லது கேஸ் போட்டாலும் பிரயோஜனமில்லன்னு அதிகாரிக்கு புரிய வைக்கணும். "இன்னும் அங்கயேதான் இருக்கார் சார், தரேன் தரேன்னு சொல்லிட்டே இருக்கார், நானும் பாவம்னு விட்டுட்டேன்"னா இது பொருந்தாது, வரி கட்டித்தான் ஆகணும்.

தமிழ்நாட்டுல 2019ல இருந்து அமல்ல இருக்கற வாடகைச் சட்டப்படி 11 மாச அக்ரிமென்ட்டா இருந்தாலும் வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். நிறைய பேர் பண்றதில்ல, ஆனா இந்த மாதிரி நேரத்துலதான் அதோட அருமை தெரியும். விட்ட பாக்கி பின்னாடி எப்பவாவது கைக்கு வந்தா, வந்த வருஷத்துல வருமானம், அதுலயும் 30 சதவீதம் கழியும். அப்ப அந்த வீடு உங்ககிட்ட இல்லன்னாலும் இதே கதைதான்.

அக்ரிமென்ட்ட வைஃப் பேர்ல போட்டு வாடகைய அவ அக்கவுன்ட்டுல வாங்கினா வரி மிச்சம்தானே?

இல்ல. வாடகை யார் அக்கவுன்ட்டுக்கு போகுதுங்கறத வெச்சு வரி இல்ல, வீடு யாரோடதுங்கறத வெச்சுதான். பத்திரம் உங்க பேர்ல இருந்தா வருமானம் உங்களோடது. சரி, வீட்டையே அவங்க பேருக்கு எழுதி வெச்சுடறேன்னாலும், பணம் வாங்காம மனைவிக்கு எழுதிக் குடுத்தா சட்டத்துக்கு நீங்கதான் இன்னும் ஓனர். உங்க பணத்துல அவங்க பேர்ல நேரா வாங்கினாலும் வாடகை உங்க வருமானத்தோடதான் சேரும்.

அவங்க சம்பளத்துலயோ அவங்க அப்பா வீட்டு பணத்துலயோ வாங்கினா கேள்வியே இல்ல, அது அவங்களோடது. ரெண்டு பேரும் பணம் போட்டு பத்திரத்துல பங்கு தெளிவா எழுதியிருந்தா அவங்கவங்க பங்குக்கு தனித்தனியா வாடகை, தனித்தனியா வட்டி. 18 வயசு தாண்டின மகனுக்கோ, அம்மாவுக்கோ எழுதி வெச்சா இந்தத் தொல்லை கிடையாது, ஆனா வீடு நெஜமாவே கைமாறிடும், அத யோசிச்சு பண்ணுங்க.

அம்மா பேர்ல இருக்கற வீட்டுல இருக்கேன், அவங்களுக்கு வாடகை குடுத்து எச்ஆர்ஏ எடுக்கலாமா?

எடுக்கலாம், பழைய ரெஜிம்ல மட்டும். மாசம் 20,000 அம்மா அக்கவுன்ட்டுக்கு நெஜமா போகணும், ஒரு அக்ரிமென்ட் இருக்கணும், அம்மா அத ரிட்டர்ன்ல காட்டணும். சொத்து வரி 4,000 கட்டியிருந்தா அவங்களுக்கு நிக்கற வருமானம் 1,65,200. வேற வருமானம் இல்லன்னா வரியே வராது. மாசக் கடைசியில அதே பணம் திரும்ப உங்க அக்கவுன்ட்டுக்கு வருதுன்னா, எச்ஆர்ஏவ மறந்துடுங்க.

வாடகைக்கு இருக்கறவர் மார்ச் மாசம் வாடகையில புடிச்சுட்டு கொடுத்தார், கேட்டா டிடிஎஸ்ங்கறார்?

வாடகை மாசம் 50,000க்கு மேலன்னா சாதாரண தனிநபரும் டிடிஎஸ் புடிக்கணும். 2024 அக்டோபர் 1ல இருந்து ரேட் 2 சதவீதம், அதுக்கு முன்னாடி 5. வருஷத்துக்கு ஒரே தடவ, மார்ச்லயோ காலி பண்ற மாசத்துலயோ மொத்தமா புடிச்சா போதும். 60,000 வாடகைன்னா வருஷத்துக்கு 14,400. ஃபார்ம் 26க்யூசியில கட்டிட்டு உங்களுக்கு ஃபார்ம் 16சி தரணும், அதுக்கு டான் நம்பர் (வரி புடிக்கறவங்க வாங்கற தனி நம்பர்) வேண்டாம், ரெண்டு பேர் பான் போதும். பான் தரலன்னா ரேட் 20 சதவீதம் ஆயிடும் (கடைசி மாச வாடகைய தாண்டாது), பான் மறைக்கறதுல லாபமில்லங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தா 10 சதவீதம் புடிப்பாங்க. புடிச்சது எங்கயும் போகல, 26ஏஎஸ்ல (உங்க பான்ல கட்டுன வரிங்களோட பட்டியல்) வந்திருக்கான்னு பாத்து உங்க வரியில கழிச்சுக்கோங்க.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன், சென்னை வீட்டு வாடகைய அம்மா வாங்கிக்கறாங்க. நான் எதுவும் பண்ண வேண்டாம்ல?

பண்ணணும். அம்மா கையில போனாலும் ஓனர் நீங்க. என்ஆர்ஐ ஓனருக்கு மேல சொன்ன 50,000 கணக்கெல்லாம் இல்ல, முதல் ரூபாயில இருந்தே வாடகைக்கு இருக்கறவர் 31.2 சதவீதம் புடிச்சு கட்டணும், அவர் டான் வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிட்டர்ன் போடணும். இது தெரியாம குடியிருக்கறவங்கதான் ஜாஸ்தி, மாட்டுனா பொறுப்பும் அவங்க மேலதான். அதனால ஓனர் என்ஆர்ஐன்னு அக்ரிமென்ட்லயே தெளிவா எழுதிடறது நியாயம்.

உங்களுக்கும் 30 சதவீதக் கழிவு, வட்டி எல்லாம் உண்டு, அதனால புடிச்சதுல பெரும்பகுதி ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும், அல்லது முன்கூட்டியே குறைஞ்ச ரேட்டுக்கு சர்டிஃபிகேட் வாங்கலாம். ஆனா அந்த 12 லட்சம் ரிபேட் ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான், உங்களுக்கு 4 லட்சத்துக்கு மேல வரி ஆரம்பிச்சிடும்.

என்கிட்ட ஆறு வீடு இருக்கு, இது பிசினஸ்தானே? பிசினஸ்னு காட்டி எல்லா செலவையும் கழிக்கலாம்ல?

முன்னாடி சிலர் அப்படிப் போட்டுட்டுதான் இருந்தாங்க. 2024 ஜூலை பட்ஜெட்ல அத அடைச்சிட்டாங்க. குடியிருப்பு வீட்ட ஓனர் வாடகைக்கு விட்டா அது வீட்டு வருமானம்தான், பிசினஸ்ல போடக்கூடாதுன்னு நேராவே எழுதிட்டாங்க. ஆறு வீடா இருந்தாலும் அதே 30 சதவீதம்தான்.

ஃபர்னிச்சர், ஏசியோட சேத்து விடறவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வேற. பிரிச்சு விட முடியும்னா சாமான் வாடகை தனியா "இதர வருமானம்", அதுல 30 சதவீதம் கிடையாது, ரிப்பேரும் தேய்மானமும் கழிக்கலாம். பிரிக்கவே முடியாத மாதிரி ஒண்ணா விட்டா மொத்தமும் அதுலயே போகும். நீங்களே வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டாலும், காலி மனைய லாரி நிறுத்த விட்டாலும் அதுவும் இதர வருமானம்தான்.

வீட்டு வாடகைக்கு ஜிஎஸ்டி உண்டாமே?

குடும்பம் குடியிருக்க விட்டா கிடையாது. ஜிஎஸ்டி பதிவு இருக்கற கம்பெனி, ஸ்டாஃபுக்காக எடுத்தா 18 சதவீதம் உண்டு, அதையும் அந்தக் கம்பெனிதான் நேரா கட்டும். ஓனர் வசூல் பண்ண வேண்டியதில்ல.

அட்வான்ஸ் டாக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க, நானும் கட்டணுமா?

டிடிஎஸ் எல்லாம் போக இன்னும் 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வரி பாக்கி நிக்கும்னா ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15னு நாலு தவணையா கட்டணும், தவறினா மாசம் 1 சதவீதம் வட்டி. 60 வயசு தாண்டி பிசினஸ் வருமானம் இல்லாத ரெசிடென்ட்டுக்கு இது வேண்டாம், ஜூலையில ரிட்டர்ன் போடும்போது கட்டிக்கலாம். வேலையில இருக்கறவங்க கம்பெனியில வாடகை வருமானத்தையும் சொல்லிட்டா சம்பளத்துலயே புடிச்சுடுவாங்க, அது ஈசி.

வீட்ட விக்கப் போறேன். இத்தன வருஷம் கட்டுன லோன் வட்டிய வாங்குன விலையோட சேத்துக்கலாமா?

வாடகையில ஏற்கனவே கழிச்ச வட்டிய திரும்ப அடக்க விலையில ஏத்த முடியாது, 2023 பட்ஜெட்லயே அத நிறுத்திட்டாங்க. ஆனா மேல ஒரு ரூம் கட்டுனது, தளம் போட்டது மாதிரி வீட்டோட மதிப்ப கூட்டுற வேலைக்கு ஆன செலவ சேக்கலாம். மூணாவது கேள்வியில உதவாதுன்னு சொன்ன பில்லுங்கள்ல இந்த மாதிரி பில் இருந்தா இப்ப வெளிய எடுங்க, பெயின்ட் பில் இப்பவும் உதவாது.

ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா லாபத்துக்கு 12.5 சதவீதம், இன்டெக்சேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏத்த மாதிரி வாங்குன விலைய கூட்டிக்கறது) இல்லாம. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்குன வீடா இருந்து நீங்க ரெசிடென்ட்டா இருந்தா, இன்டெக்சேஷனோட 20 சதவீதம் போட்டுப் பாத்து எது கம்மியோ அத கட்டலாம். பழைய வீடுன்னா ரெண்டையும் போட்டுப் பாக்காம சலான் கட்டாதீங்க.